தம்பிக்கு ஒரு சமையல் பெட்டி

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் அம்மா எங்கள் ஊரான பாலோவிலிருந்து போன் செய்தார். ஜொகூர் பாருவில் நான் வேலை செய்யும் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அன்று கூட்டம் அதிகம். வேலை முடிந்து, கால் வலியோடு காரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

“நீ ஒரு பெட்டி செய்வியே,” என்றார். “ஒன் கூட்டாளி கல்யாணத்துக்குக் கூட செஞ்சு குடுத்தியே, சமையல் குறிப்பு எல்லாம் எழுதி. அது மாதிரி ஒன்னு கல்யாணப் பொண்ணுக்குச் செஞ்சு குடு. நம்ம வீட்டுச் சமையல எல்லாம் கார்டுல எழுதி வை. வர்றவளுக்குத் தெரியணும்ல, தம்பி என்னா சாப்பிடுவான், என்னா சாப்பிட மாட்டான்னு.”

“வேலை நெறைய இருக்கும்மா.”

“ஒனக்கு என்னா, புள்ளையா குட்டியா? சனி ஞாயிறு சும்மாதான இருக்க.”

எனக்கு நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாதவளுடைய சனிக்கிழமை ஊருக்குப் பொதுவானது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு எண்ணம் உண்டு. பதில் சொல்லிச் சொல்லிச் சலித்து, சொல்வதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. “சரி, செய்றேன்” என்றேன். அம்மாவுக்காக மட்டும் ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் அடுத்தவர் எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, வீட்டுக்கு வந்து ஒரு தூரிகையில் பச்சை நிறத்தைத் தொடுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

பெட்டியைக் கைவேலைச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். வண்ணம் பூசாத வெறும் மரப்பெட்டி, ரொட்டித் துண்டு அளவுக்கு அட்டைகள் நிற்கக்கூடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எங்கள் குடியிருப்பில் கீழே தையல்கடை வைத்திருக்கும் மலாய் அக்காவிடம் மிஞ்சிய பாத்தேக் சாயத் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். நீலத்தில் வெள்ளைப் பூக்கொடி ஓடும் துணி. அதைப் பக்கங்களின் அளவுக்கு வெட்டி, பசை தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் விரலால் நீவி ஒட்டினேன். துணி காய்ந்ததும் மேலே வார்னிஷ். மூடியில் மட்டும் துணி ஒட்டாமல் மரத்தை அப்படியே விட்டு, கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை வரைந்தேன்.

அட்டைகளுக்குத் தடித்த ஓவியத் தாள். ஒரே அளவாக வெட்டி, மூலைகளை வளைவாக்கி, ஓரங்களைத் தேயிலைத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்தேன். ஒவ்வொரு அட்டையின் தலைப்பிலும் ஒரு படம். ரசத்துக்கு மிளகு, மீன் கறிக்குப் புளி, நெத்திலிச் சம்பலுக்கு நெத்திலி. நெத்திலியின் கண்ணை வரைவது எவ்வளவு சிரமம் தெரியுமா? கொஞ்சம் பெரிதானால் மீன் ஆச்சரியப்படுவதுபோல் ஆகிவிடும். அப்படி ஆச்சரியப்பட்ட நெத்திலிகள் பல குப்பைக்குப் போயின. அந்த வாரங்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

குறிப்புகளை அம்மா குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றைக் கேட்டு முதலில் ஒரு தாளில் எழுதி, பிறகு அட்டையில் அழகாக எழுதுவேன். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கோழிப் பிரட்டலுக்கு மசாலா எவ்வளவு, கிறிஸ்மஸுக்குச் செய்யும் பன்றி வறுவலில் எப்போது சோயா சாஸ் ஊற்றுவது என்பது மாதிரி. போகப் போக அம்மா சமையலை விட்டுவிட்டுத் தம்பிக்கு வந்துவிட்டார்.

“மீன் தலைய தம்பி தட்டுல வைக்கச் சொல்லாத. கண்ணு பாக்குதும்பான். நடுத்துண்டு வைக்கச் சொல்லு. முள்ள எடுத்துட்டு வைக்கச் சொல்லு.”

“வெண்டைக்கா வழவழன்னு இருந்தா தொட மாட்டான். தனியா வறுத்து எடுத்து வைக்கணும்னு எழுது.”

“தோசை சூடா இருக்கணும். அவன் வந்து உக்காந்த பெறகுதான் ஊத்தணும். ஊத்தி வச்சிட்டுக் கூப்பிட்டா கோவம் வரும்.”

“ஆப்பிள தோலு சீவித்தான் குடுக்கணும். இல்லன்னா அப்படியே வச்சிட்டுப் போயிருவான்.”

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண் செடெனாக்கைச் சேர்ந்தவள். சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. விடியும் முன்பே எழுந்து பஸ் பிடித்து, இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் வரிசையில் நின்று, இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வேலைக்குப் போய், அதே வழியில் இருட்டிய பிறகு திரும்புகிறவள். அவள்தான் இவன் வந்து உட்கார்ந்த பிறகு தோசை ஊற்ற வேண்டும்.

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். அம்மா அப்படித்தான் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. பிறகு முட்டைச் சம்பல் வந்தது.

எங்கள் வீட்டு முட்டைச் சம்பல் நல்ல சம்பல். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, வெங்காயம், கொஞ்சம் பெலாச்சான் என்னும் இறால் விழுது, புளி, சர்க்கரை. அவித்த முட்டையை எண்ணெயில் லேசாகப் பொரித்துச் சேர்ப்பது. அட்டையில் முட்டைப் படம் முன்பே வரைந்து வைத்திருந்தேன், இரண்டாக வெட்டியது, நடுவில் நல்ல மஞ்சள். அம்மாவின் குரல் செய்தியின் கடைசியில் இது வந்தது.

“முட்டைய ரெண்டா வெட்டிக்கச் சொல்லு. மஞ்சக் கருவ எடுத்து தம்பிக்கு வைக்கணும், அவனுக்கு அதுதான் உசுரு. வெள்ளைய அவ சாப்பிட்டுக்கலாம். நம்ம வீட்டுல அப்படித்தான எப்பவும்.”

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தம்பிக்குக் கடல் என்றால் பயம், அப்பாவுக்குச் சளித் தொல்லை, எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது. நானே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனை கேன்டீனில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கினால் அதிலிருக்கும் முட்டையிலிருந்து மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து, கூட வேலை செய்யும் மலாய்த் தோழியின் தட்டில் வைப்பேன். வருஷக்கணக்காக அவள் அதைச் சாப்பிட்டு வருகிறாள்.

பிடிக்காது என்று எப்போது தெரிந்தது? யோசித்துப் பார்த்தேன். ஆயில் மில் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் ஞாபகம் வந்தது. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். சம்பல் செய்யும் நாளில் அம்மா கத்தியால் முட்டையை வெட்டி, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். மஞ்சள் கரு உருண்டு தம்பி தட்டில் விழும், இன்னொன்று அப்பா தட்டில். குழிந்த வெள்ளை எனக்கு வரும், சம்பலை அந்தக் குழியில் நிரப்பித் தின்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டபோது அம்மா சொல்லியிருக்க வேண்டும், “பெரியவளுக்கு மஞ்சக் கரு பிடிக்காது” என்று. கேட்டுக் கேட்டு நானும் நம்பியிருக்க வேண்டும்.

எழுந்து ஒரு முட்டையை அவித்தேன். உரித்து, வெட்டி, வெள்ளையை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் கருவில் உப்பைத் தொட்டுச் சாப்பிட்டேன். மாவு மாதிரி நாக்கில் கரைந்தது. நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

அழுதேன் என்று நினைக்க வேண்டாம். அழவில்லை. அடுப்படியில் நின்றபடியே எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஒரு முட்டைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். முட்டையைக் கொடுக்காமல் இருந்ததைக்கூட மன்னித்துவிடலாம், அந்த நாளில் பணமுடை இருந்தது. எனக்குப் பிடிக்காது என்று என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அதோடு, அதை நல்ல தாளில், அழகான எழுத்தில், படம் வரைந்து, அடுத்தவளுக்கு அனுப்பி வைக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள்.

எழுதி முடித்த அட்டைகளை எல்லாம் கிழித்தேன். நெத்திலிகளையும்தான். பிறகு புதுத் தாள் வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்தத் தடவை ஒவ்வொரு அட்டையும் தம்பியைப் பார்த்துப் பேசியது. முதல் அட்டை சோறு. “தம்பி, அரிசியைக் கழுவு. தண்ணீர் தெளியும் வரை கழுவு. சிங்கப்பூருக்குப் போய்வருவதைவிட இது சுலபம்” என்று எழுதினேன். மீன் கறி அட்டையில், மீனைச் சுத்தம் செய்வது எப்படி என்று தலையிலிருந்து வால் வரை எழுதி, “கண் உன்னைப் பார்த்தால் நீயும் பார்” என்று முடித்தேன். முட்டைச் சம்பலில், “ஆளுக்கு ஒரு முழு முட்டை” என்று சிவப்பு மையில் எழுதினேன். கடைசியாகக் கழுவுவதற்கென்றே ஒரு பிரிவு. “சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுப் போவதற்குக் கழுவுவது என்று பெயர் இல்லை.” மூடியின் உள்பக்கம் “தம்பிக்கு, அக்கா” என்று எழுதி வார்னிஷ் பூசினேன். படங்கள் முன்பைவிட நன்றாக வந்தன.

கல்யாணம் மாதா கோயிலில் நல்லபடியாக நடந்தது. மறுநாள் பாலோவில் எங்கள் வீட்டில் மதிய விருந்து. பெண் வீட்டாரும் எங்கள் பக்கத்து உறவும் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். வெளியே கூடாரம் போட்டிருந்தது. புதுப்பெண் பச்சைச் சேலையில் நீண்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தம்பி. அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் பெட்டிய கொண்டாந்து பொண்ணுகிட்ட குடு. எல்லாரும் பாக்கட்டும்.”

நான் கொண்டு வந்தேன். பெட்டியைப் பார்த்ததும் பெண்களிடமிருந்து ஒரு “ஆ” வந்தது. நேரே போய் அதைத் தம்பியின் மடியில் வைத்தேன்.

அவன் சிரித்தான். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன் அவன், அதுதான் அவனிடம் எல்லாருக்கும் பிடித்த குணம். திறந்து முதல் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படித்தான். “சிங்கப்பூருக்குப் போய்வருவதைவிட” என்ற இடத்தில் கூடமே சிரித்தது. “டேய், நல்லா மாட்டிக்கிட்ட லா” என்றார் மாமா ஒருவர். அவன் அடுத்ததைப் படித்தான், அதற்கும் சிரிப்பு. மூன்றாவதாகச் சட்டி கழுவும் அட்டையைப் படித்தபோது பெண்கள் மட்டும் சிரித்தார்கள். அம்மா எழுந்து வந்து அவன் மடியிலிருந்த பெட்டியை எடுத்து மருமகள் மடியில் வைத்தார்.

“அக்கா வெளையாடுறா. இது ஒனக்குத்தாம்மா. நான் சொல்லித்தான் செஞ்சா.”

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “தேங்க்ஸ் அத்தை” என்றாள் மெதுவாக.

“அது அவளுக்கு இல்லம்மா,” என்றேன். “அவனுக்கு.”

“எல்லாரும் இருக்காங்க.” அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“இருக்கட்டும். இவ இருட்டோட எழுந்து பாலத்தத் தாண்டி வேலைக்குப் போறா. இவன் வீட்டுல உக்காந்து வேலை பாக்குறான். சமைக்க யாருக்கு நேரம் இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

பெண்ணின் அம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து வெளியே போய், கூடாரத்துக்குக் கீழே கிடந்த நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். சாப்பிட இன்னும் ஆட்கள் வரவேண்டியிருந்தது.

அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சமையலறைக் கதவைச் சாத்தினார்.

“மானத்த வாங்கிட்ட. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி.”

“மஞ்சக் கரு எனக்குப் பிடிக்காதுன்னு யாரும்மா சொன்னா?”

“என்னா மஞ்சக் கரு?”

அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் ஞாபகப்படுத்தினேன், குவார்ட்டர்ஸ், கத்தி, கட்டைவிரல் எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவர், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெள்ளையாச்சும் ஒனக்குக் கெடைச்சிச்சி,” என்றார். “எனக்கு அதுவும் இல்ல. வெறும் சம்பல வழிச்சி சோத்துல போட்டுத் தின்னேன். நான் யாருகிட்டயாவது போயி கேட்டனா?”

“கேட்டிருக்கணும்மா.”

அம்மாவுக்காக வருத்தப்பட்டு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகத்தான் ஆனது. தனக்கு ஒன்றுமே கிடைக்காத ஒருத்தி, அதையே இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மகளிடம் எழுதச் சொல்லுகிறாள். இதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, விருந்தாளிகளுக்குச் சோறு பரிமாறினேன். அதையும் நான்தான் செய்தேன்.

அதன் பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை.

சில வாரம் கழித்து, ஜொகூர் பாருவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தம்பி மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். தம்பி யாரோ நண்பர்களோடு பேசிக்கொண்டு பின்தங்கியிருந்தான்.

“அக்கா, ஒரு நிமிஷம். இதக் கேளுங்க.”

போனை என் காதில் வைத்தாள். அம்மாவின் குரல். “நீ சொல்லித்தான் அவ அப்படி எழுதியிருக்கான்னு எனக்குத் தெரியும்மா. பரவால்ல. ஆனா வந்த மறுநாளே மாமியார இப்படி அவமானப்படுத்தியிருக்க வேணாம். அவன் பாவம், வெளையாட்டுன்னு நெனச்சிட்டு சிரிச்சான்.”

“இது மாதிரி நெறைய இருக்கு,” என்றாள். “காலையில பாலத்துல நிக்கும்போது வருது. அத்தை ராத்திரியெல்லாம் யோசிச்சிட்டு காலையில அனுப்புறாங்க போல.”

“நான் அம்மாகிட்ட பேசுறேன்.”

“வேணாங்க்கா. நீங்க பேசினா இன்னும் மோசமாயிரும்.” அவள் போனைப் பைக்குள் போட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. “எனக்கு உங்க மேலயும் கோவம்தான். அந்தப் பெட்டிய எங்கிட்ட தனியா குடுத்திருந்தா நானே அவர் கையில வச்சிருப்பேன், ‘இந்தாங்க, படிங்க’ன்னு. இப்ப அவர் சமைச்சா நான் மெரட்டி சமைக்க வச்சேன்னு ஆகுது. சமைக்கலன்னா நான் சோம்பேறின்னு ஆகுது. சண்டை உங்களுக்கும் அத்தைக்கும். அடி எனக்கா?”

அவள் சொன்னது நியாயம்தான்.

“தம்பி என்னா சொல்றான்?”

“அத்தைகிட்டயும் ‘சரி சரி’ங்கறாரு. எங்கிட்டயும் ‘சரி சரி’ங்கறாரு.”

அந்த வாரத்தில் எனக்கு ஒரு வேலை நாளில் விடுப்பு இருந்தது. தம்பி வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள் என்று தெரிந்துகொண்டு, சொல்லாமல் போனேன். அரைக்கால் சட்டையும் அலுவலகச் சட்டையுமாகக் கதவைத் திறந்தான். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர். பக்கத்தில் மாமாக் எனும் முஸ்லிம் உணவுக்கடையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மீ கோரெங் நூடுல்ஸ், பாதி தின்று அப்படியே திறந்து கிடந்தது. கழுவும் தொட்டியில் நேற்றைய தட்டுகள். பெட்டி குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருந்தது, அதன்மேல் இரண்டு தலைக்கவசங்கள்.

“ஒன் பொண்டாட்டிக்கு அம்மா அனுப்புறதெல்லாம் கேட்டியா?”

“கேட்டேன்க்கா. அம்மாவுக்கு வயசாச்சி லா. விடு. கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க.”

“நீ அம்மாகிட்ட என்னா சொன்ன?”

“நான் எதும் சொல்லலயே.”

“அதான். நீ எதும் சொல்லல. எப்பவும் எதும் சொன்னதில்ல.”

“நான் என்னா தப்பு செஞ்சேன்? எனக்கு மீனு முள்ள எடுத்துக் குடுங்கன்னு யாரையாவது கேட்டனா? அவங்களா செஞ்சாங்க.”

“முட்டைச் சம்பல்ல எனக்கு எது வரும், ஞாபகம் இருக்கா?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “வெள்ளை. ஒனக்குத்தான் மஞ்சக் கரு பிடிக்காதே.”

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவனும் அதைத்தான் நம்பியிருந்தான், தன் தட்டில் வந்து விழுந்ததை எல்லாம் யாருக்கும் வேண்டாததால்தான் தனக்கு வருகிறது என்று. அவனிடம் சொன்னேன். எப்படிப் பிடிக்காமல் போனது, எப்போது தெரிந்தது, எதற்காகப் பழைய அட்டைகளைக் கிழித்தேன் என்று எல்லாவற்றையும், உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன். சத்தமும் போட்டேன். கம்ப்யூட்டரில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், அவன் அதை மூடினான்.

பிறகு போனை எடுத்து, அம்மாவை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டான்.

“அம்மா, அந்தப் பெட்டி இருக்குல்ல. அத நாந்தான் கேட்டேன். அக்காகிட்ட நாந்தான் அப்படி எழுதச் சொன்னேன். எம் பொண்டாட்டிக்கு ஒன்னுமே தெரியாது.”

போனை மேசைமேல் வைத்தான்.

“சமைக்கக் கத்துக்கணும்னு ஆசையா இருந்துச்சிம்மா. நேரா சொல்ல வெக்கமா இருந்துச்சி.”

“இத முன்னமே சொல்லியிருக்கலாம்ல தம்பி,” என்றார் அம்மா. குரலே மாறிவிட்டது. “நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். ஆசையா இருந்தா செய் சாமி. கையச் சுட்டுக்காத. எண்ணெய் சட்டிகிட்ட தள்ளி நில்லு.”

போனை வைத்துவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “முடிஞ்சிச்சி, பாத்தியா?”

எனக்கு அவன் முகத்தில் மீ கோரெங்கை வீசலாம் போலிருந்தது. அவன் செய்தது நல்ல காரியம்தான், மனைவியின் மேலிருந்த பழியை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டான். ஆனால் அவன் மேல் விழுந்ததும் அது பழியாகவே இல்லை. நான் செய்தால் மானம் போயிற்று. அந்தப் பெண் செய்ததாக நினைத்தால் அவமானம். அவன் செய்ததாகச் சொன்னதும், ஆசை. ஒரே பெட்டி, ஒரே அட்டைகள். இத்தனை வருஷமாக ஒரு போன் செய்தால் போதுமாக இருந்தது அவனுக்கு.

“தட்டக் கழுவு,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதால் மீதியையும் சொல்கிறேன். அம்மாவின் காலைச் செய்திகள் நின்றன. மருமகளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “நீ குடுத்து வச்சவ, இந்தக் காலத்துல எந்த ஆம்பள அடுப்பாண்ட போறான்?” என்று மட்டும் சொன்னாராம். பாலோ கோயிலில் சந்திக்கிறவர்களிடமெல்லாம் தன் மகன் தானாகவே சமைக்கக் கற்றுக்கொள்கிறான் என்று பெருமை பேசினார். ஞாயிறுதோறும் போன் செய்து இந்த வாரம் என்ன சமைத்தாய் என்று கேட்பதால், அவனுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. பொய்யை நிஜமாக்க வேண்டியிருந்தது. முதல் தடவை சோற்றைக் கருக்கிவிட்டு எனக்கு அழைத்தான். கார்டைப் படி என்றேன். படித்தான். இப்போது மீன் கறி நன்றாகவே வைக்கிறான், புளி மட்டும் கொஞ்சம் தூக்கல். தம்பி மனைவியிடம், “சட்டிய யாரு கழுவுறா?” என்று கேட்டேன். “அந்தக் கார்டு தொலைஞ்சி போச்சாம்க்கா” என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக ஒன்று எழுதி, படம் கூட வரையாமல், அவள் கையில் கொடுத்தேன்.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாலோ போனேன். அம்மா எதுவும் நடக்காததுபோல் பேசினார். நானும் அப்படியே பேசினேன். பகல் சாப்பாட்டுக்குத் தம்பி கோழிப் பிரட்டல் செய்திருந்தான். உறவினர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவனை வாயாரப் புகழ்ந்தார்கள். “என்னா கைப்பக்குவம்,” என்றார் அப்பா. ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டில் சோறு ஆக்கியவள் நான். என் கைக்கு ஒரு பக்குவம் இருப்பதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரட்டல் நன்றாக இருந்தது. அதை அவனிடம் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்கும் அப்போது பெண் பார்த்திருந்தார்கள்.

“ஒன் தம்பிக்குச் செஞ்ச மாதிரியே எம் மவனுக்கும் ஒரு பெட்டி செஞ்சு குடும்மா. அந்தப் பெட்டி வந்துதான அவன் இப்படி மாறிட்டான்னு ஒங்கம்மா சொல்றாங்க. என் மவன் ஒரு டீ கூட கலக்க மாட்டான். நீ எழுதினா படிப்பான்.”

“முடியாது சித்தி.”

“ஏம்மா? சும்மா கேக்கல, சாமான் எல்லாம் நானே வாங்கித் தர்றேன்.”

“சாமானுக்குச் சொல்லல. டீ கலக்க மாட்டான்னா நீங்க கலந்து குடுக்காதீங்க. கேட்டா தூள் இருக்கற எடத்தக் காட்டுங்க. அதுக்கு நான் வாரக்கணக்கா உக்காந்து படம் வரையணுமா?”

சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “கேட்டது தப்பா? நீ எப்ப பாத்தாலும் கோவமாவே இருக்க,” என்றார்.

“ஆமா,” என்றேன். “இருக்கேன்.”

அன்று மாலையே கிளம்பினேன். அம்மா வழக்கம்போல் பாத்திரத்தில் கறி கட்டிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். குளுவாங்கைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், காரில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதால், சித்தியிடம் சொல்லாமல் விட்டதை எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அப்பாவிடம் சொல்லவேண்டியதையும் சொன்னேன். மழை பிடித்தது. செடெனாக் பக்கம் வந்தபோது முன்னால் கார்கள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்தன. எனக்குச் சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது, ஜொகூர் பாரு வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.